பி.டி. பீரியடில் பழகுவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

விளையாட்டு பிள்ளைகளுக்கு ஒற்றுமையையும் ஒழுக்கத்தையும் கற்றுத்தரும் என்று பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பேசுகிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு சாதாரணப் பள்ளியின் பி.டி. பீரியடைப் போய்ப் பார்த்தால் அந்தப் பேச்சை அப்படியே ஏற்க முடிவதில்லை. வகுப்பில் நாற்பது பேர் இருப்பார்கள், பந்து ஒன்றோ இரண்டோ இருக்கும். நன்றாக ஆடத் தெரிந்த பத்துப் பேர் அதை எடுத்துக்கொண்டு கிரவுண்டின் நடுவுக்குப் போவார்கள். இன்னும் கொஞ்சம் பேர் ஓரத்தில் நின்று, வெளியே வருகிற பந்தை எடுத்துப் போடுவார்கள். மீதிப் பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளில் பலர் எட்டாம் வகுப்புக்கு மேல் அந்த நிழலை விட்டு எழுவதே இல்லை. பரீட்சை நெருங்கினால் அந்தப் பீரியடும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும்.

அங்கே பிள்ளைகள் எதுவும் கற்பதில்லை என்று சொல்ல மாட்டேன். பந்து யாருடையது, யார் ஓரத்தில் நிற்க வேண்டியவர், யாரைக் கூப்பிடத் தேவையில்லை என்பதையெல்லாம் வாரா வாரம் கற்றுக்கொள்கிறார்கள். ஆட்டத்தை எப்படி நடத்துகிறோமோ அதுதான் பாடமாகப் போய்ச் சேரும். அணியை யார் பிரிப்பது, அவுட் ஆனவர் எவ்வளவு நேரம் உட்காருவது, எதற்குப் புள்ளி கொடுப்பது, முடிந்ததும் என்ன பேசுவது என்கிற சின்னச் சின்ன ஏற்பாடுகளை மாற்றினால், அதே கபடியும் அதே கோ-கோவும் வேறு பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும். இதைப் பற்றி உளவியலிலும் உடற்கல்வித் துறையிலும் எழுபது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அதில் நம் ஊர்ப் பள்ளிக்கு உதவக்கூடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு கயிறு, இரண்டு வேலை

1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு கோடை முகாம் நடந்தது. முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர், பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துத் தங்கவைத்தார். எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரிக் குடும்பங்களில் இருந்து வந்த சாதாரணப் பையன்கள். சில நாள் கழித்து இரு குழுவுக்கும் பேஸ்பால், கயிறு இழுத்தல் போன்ற போட்டிகள் வைத்தார்கள். ஜெயிக்கிற குழுவுக்குப் பதக்கமும் பேனாக்கத்தியும் பரிசு. தோற்கிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஏச்சுப்பேச்சில் தொடங்கிய பகை, ஒரு குழுவின் கொடியை இன்னொரு குழு எரிப்பது, அடுத்தவர் தங்குமிடத்தில் புகுந்து சாமான்களைக் கலைத்துப் போடுவது என்று வேகமாக வளர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பள்ளிகள் கவனிக்க வேண்டும். இரு குழுவையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். பகை குறையவில்லை, சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். பிறகு முகாமின் தண்ணீர் நின்றுபோகும்படி செய்தார்கள். அடைப்பு எங்கே என்று இரு குழுவும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. இன்னொரு நாள் சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை என்றார்கள். போட்டியில் இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லாப் பையன்களும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிச் சில வேலைகளைச் சேர்ந்து முடித்த பிறகே பகை தணிந்தது. முகாமை நடத்தியவர்களே சண்டையை ஊதிவிட்டார்கள் என்று பின்னாளில் விமர்சனம் வந்தது. அது நியாயமான விமர்சனம்தான். ஆனால் பெரியவர்கள் ஒரு ஆட்டத்தை அமைக்கிற விதம் பிள்ளைகளை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அந்த விமர்சனமும் சேர்ந்தே காட்டுகிறது.

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகிற போட்டிகளை நான் குறைத்துப் பேசவில்லை. கிராமத்துப் பெண் ஒருத்தி மாவட்ட அணியில் ஓடினால் அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு வருகிறது. ஆனால் அணி தயாரிப்பது பத்துப் பன்னிரண்டு பேருக்கான வேலை. அதற்குக் காலையும் மாலையும் இருக்கிறது. பி.டி. பீரியட் மொத்த வகுப்புக்கும் உரியது.

ஆர்வம் எந்த வயதில் போகிறது

சின்னப் பிள்ளைகளிடம் "யார் நல்லா ஓடுவீங்க?" என்று கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும். கஷ்டப்பட்டு முயல்கிறவரே திறமைசாலி என்று அந்த வயதில் நம்புகிறார்கள். முயற்சி வேறு, திறமை வேறு என்று பிள்ளைகள் தெளிவாகப் பிரித்துப் பார்ப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதுவாக்கில் என்று ஜான் நிக்கோல்ஸ் என்ற உளவியலாளர் தம் ஆய்வுகளில் காட்டினார். நம் கணக்கில் அது ஆறாம், ஏழாம் வகுப்பு. கிராமத்துத் தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டுப் பாலக்கோட்டுக்கோ பென்னாகரத்துக்கோ அரூருக்கோ பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்கு வருகிற வயதும் அதுவே. தெரியாத முகங்களுக்கு நடுவே, கடைசி ஆளாக மிஞ்சி நிற்கிற பிள்ளை "எனக்கு விளையாட்டு வராது" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

நிக்கோல்ஸ் இன்னொன்றும் சொன்னார். வெற்றியை இரண்டு விதமாக அளக்கலாம்: போன வாரம் எனக்கு வராதது இந்த வாரம் வந்ததா என்று பார்க்கலாம், அல்லது பக்கத்தில் இருப்பவரைவிட நான் மேலா என்று பார்க்கலாம். ஒரு வகுப்பு எந்த அளவுகோலை எடுக்கும் என்பது பெரும்பாலும் ஆசிரியர் கையில் இருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று பேரை மட்டும் எழுதிக்கொண்டால் மற்ற முப்பத்தேழு பேருக்கு அடுத்த முறை ஓடக் காரணமே இல்லை. ஒவ்வொருவர் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை அவரவர் பழைய நேரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால், கடைசியாக வருகிறவருக்கும் ஓட ஒரு காரணம் இருக்கும். இதற்கு ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். போனிலேயே இருக்கிறது.

பரிசு கொடுத்தால் ஆர்வம் வரும் என்று பலரும் நினைக்கிறோம். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் நர்சரிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கலர் மார்க்கரில் படம் வரைய ஏற்கெனவே ஆசைப்படுகிற பிள்ளைகள் அவர்கள். ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்னதாகவே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத ஓய்வு நேரத்தில் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே மார்க்கரைத் தொட்டார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் இந்த வழியில் நெடுங்காலம் ஆராய்ந்து ஒரு கோட்பாட்டைக் கட்டினார்கள். தானே விரும்பிச் செய்கிறோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்ற உணர்வு: இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் ஆர்வம் தானாக நிலைக்கும் என்பது அதன் சாரம். 1999-இல் அவர்களும் ரிச்சர்ட் கோஸ்ட்னரும் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிற பொருள் பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது என்றே வந்தது. பாராட்டு வார்த்தை அப்படிக் குறைக்கவில்லை. வெறும் "சூப்பர்" என்பதைவிட, "இந்த முறை பந்தைப் பார்த்துக்கிட்டே கையை வெச்ச, அதான் பிடிச்ச" என்று சொல்வது பிள்ளைக்குத் தன் திறன் எங்கே வளர்ந்தது என்று காட்டும்.

தண்டனைக்கும் இதே கணக்குதான். லேட்டாக வந்தவரை, வீட்டுப்பாடம் செய்யாதவரை "கிரவுண்டைப் பத்து ரவுண்டு ஓடு" என்று அனுப்புகிற பள்ளி, ஓடுவது ஒரு துன்பம் என்று சொல்லிக்கொடுக்கிறது. உடலை வருத்தும் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு, அதே பிள்ளை ஆசையோடு ஓட வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

உத்தி பிரிப்பதும் கோ கொடுப்பதும்

இரண்டு கேப்டன்கள் முன்னால் நின்று மாறி மாறி ஆள் எடுக்கும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. கடைசியில் மிஞ்சுகிற இரண்டு பேரின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை ஆதரிக்க மாட்டார்கள். ஆனால் அதைவிட நல்ல முறை நம் தெருவிலேயே இருந்தது. உத்தி பிரித்தல். இரண்டு தலைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் தனக்குச் சமமாக ஆடக்கூடியவரைத் தானே பார்த்து ஜோடி சேர்ந்துகொண்டு தள்ளிப் போவார்கள். ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டுத் திரும்பி வந்து கேட்பார்கள்: "மல்கோவா வேணுமா, பெங்களூரா வேணுமா?" தலைவர் மல்கோவா என்றால் அந்தப் பெயர் வைத்த பிள்ளை இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம்.

இதில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பாருங்கள். அணிகள் சமமாக அமைகின்றன, ஏனென்றால் ஒவ்வொரு ஜோடியும் சமமானவர்களால் ஆனது. யாரும் கடைசியாக மிஞ்சுவதில்லை. தலைவர் ஆளைப் பார்த்து எடுக்கவில்லை, பெயரைக் கேட்டு எடுக்கிறார். அதனால் நண்பன், சொந்தக்காரன், ஒரே தெருக்காரன் என்று சேர்த்துக்கொள்ள வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் திறமை எவ்வளவு, யார் தனக்குச் சமம் என்று பிள்ளை தானே நேர்மையாக மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஆசிரியர் இதைப் பீரியடுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம்கூட அதிகம் தேவையில்லை.

அடுத்தது எந்த ஆட்டம் என்ற கேள்வி. தப்பு செய்தவர் வெளியே போய் ஆட்டம் முடியும்வரை உட்கார வேண்டிய ஆட்டங்கள், பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளையைத்தான் முதலில் உட்காரவைக்கும். கபடியில் அப்படி இல்லை. வெளியே போனவரைத் தன் அணி எடுக்கிற புள்ளி திரும்ப உள்ளே கொண்டுவருகிறது. அவருக்காக இன்னொருவர் பாடிப் போக வேண்டும்.

கோ-கோ அதைவிடவும் பொருத்தமானது என்பது என் கருத்து. துரத்தும் அணியில் எட்டுப் பேர் நடுப்பாதையில் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவார். ஓடுகிறவர் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்து எந்தப் பக்கமும் போகலாம். துரத்துகிறவர் ஒரு திசையில் கிளம்பிவிட்டால் கம்பத்தை அடையும்வரை திரும்பக்கூடாது, நடுப்பாதையைத் தாண்டவும் கூடாது. ஆகவே பள்ளியிலேயே வேகமாக ஓடுகிற பையனாக இருந்தாலும் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. ஓடுகிறவர் மறுபக்கம் புகுந்த அந்த நொடியில், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவரின் முதுகைத் தொட்டு "கோ" சொல்லித் தன் வேலையை அவரிடம் விட்டுவிட வேண்டும். விட மனமில்லாதவரால் அணி தோற்கும். உட்கார்ந்திருப்பவரும் எந்த நொடியிலும் எழத் தயாராக இருக்க வேண்டும். "நீ தனியாக ஜெயிக்க முடியாது" என்று ஆசிரியர் வாயால் சொல்வதை இங்கே விதியே சொல்லிவிடுகிறது.

செலவும் இல்லை. இரண்டு கம்பம், சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான். வகுப்புக்காக ஒரு விதியை மட்டும் சேர்க்கலாம்: அவுட் எடுத்தவருக்கு ஒரு புள்ளி, அதற்கு முந்திய கோவைக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. புள்ளி எழுதுகிற நோட்டில் இரண்டு பெயரும் வரும்போது, மெதுவாக ஓடினாலும் சரியான நேரத்தில் கோ கொடுக்கத் தெரிந்த பிள்ளையின் அருமை வகுப்புக்குத் தெரியவரும்.

புள்ளி எழுதுவது, விசில் ஊதுவது, அணிக்குச் சூடேற்றும் பயிற்சி கொடுப்பது ஆகியவற்றையும் பிள்ளைகளிடமே விட வேண்டும் என்பது டேரில் சீடன்டாப் என்ற அமெரிக்க உடற்கல்வி அறிஞர் வகுத்த முறை. பல வாரங்களுக்கு அணி மாறாது. எல்லோரும் எல்லா வேலையையும் ஒருமுறையாவது செய்தாக வேண்டும். நடுவராக நின்று திட்டு வாங்கிய பையன், அடுத்த வாரம் நடுவரிடம் கத்துவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பான்.

ஐந்து நிமிடப் பேச்சு

சிகாகோவின் ஏழைப் பகுதிப் பிள்ளைகளோடு நெடுங்காலம் வேலை செய்த டான் ஹெலிசன், உடற்கல்வி வழியாகப் பொறுப்பைக் கற்பிக்க ஒரு படிவரிசை வைத்திருந்தார். அடுத்தவரை மதிப்பது, அதாவது கை நீட்டாமல், கேலி செய்யாமல் இருப்பது முதல் படி. தன்னால் முடிந்த அளவு முயல்வது இரண்டாவது. யாரும் பார்க்காதபோதும் தானே பயிற்சி செய்வது மூன்றாவது. அடுத்தவருக்கு உதவுவது நான்காவது. இதையெல்லாம் கிரவுண்டுக்கு வெளியே வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுபோவது ஐந்தாவது. பீரியடின் தொடக்கத்தில் அன்றைக்கு எந்தப் படியைக் கவனிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, முடிவில் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றார்.

நம் பள்ளியில் அந்தப் பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும். "சார், அவன் கோவே குடுக்க மாட்டேங்கிறான்." ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்லாமல் அந்தப் பையனைப் பார்த்து, "ஏன்டா, குடுத்தா என்ன ஆகும்னு நெனச்ச?" என்று கேட்கலாம். "அவ எந்திரிக்க லேட் பண்ணுவா சார்." "அப்போ அவகிட்ட என்ன சொல்லணும்?" பதிலை அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த ஆட்டத்தில் என்ன மாற்றுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் ஐந்து நிமிடம் இதற்குப் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்த இரண்டு மாவட்டங்களில் அப்படி ஒரு வட்டத்தில் உட்காருகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற பிள்ளை, உருது பேசுகிற பிள்ளை எல்லோரும் இருப்பார்கள். வகுப்பறையில் தமிழ்ப் பாடம் தடுமாறுகிற பிள்ளை கோ-கோ ஆட்டத்தில் தடுமாற வேண்டியதில்லை. பென்னாகரம், அரூர்ப் பக்கம் அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டிலோ விடுதியிலோ வளர்கிற பிள்ளைகள் நிறைய. டெசியும் ரயனும் சொன்ன மூன்றாவது உணர்வு, தன்னைச் சேர்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பது, இவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

பேசாமல் இருக்கிற பிள்ளையை அழுத்தமானவன் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருக்கிற மாவட்டங்கள் இவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிள்ளை வாயைத் திறக்கக் கூச்சப்படும். அதைப் பார்த்து இன்னொரு பிள்ளை சிரித்துவிட்டால் ஹெலிசனின் முதல் படியே உடைந்துவிடுகிறது.

பெண் பிள்ளைகள் நிழலுக்குப் போவதற்கும் காரணங்கள் உண்டு. மாதவிடாய் நாளில் துணி கறைபடுமோ என்ற பயம், தண்ணீர் வராத கழிப்பறை, மதில் இல்லாத கிரவுண்டில் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பது. ஆர்வமில்லை என்று ஆசிரியர் எழுதிவைக்கும் முன் இவற்றைச் சரிசெய்ய வேண்டும். மாதவிடாயின்போது விளையாடக்கூடாது என்று மருத்துவம் சொல்லவில்லை. ஆடுவதா, அன்றைக்கு நடுவராக நிற்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிற ஊர்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. விசில் ஊதித் தன் குரலில் "அவுட்" என்று தீர்ப்புச் சொல்லிப் பழகிய பெண்ணுக்கு, வீட்டில் "நான் படிக்கணும்" என்று சொல்லும்போது அந்தப் பழக்கம் கொஞ்சமாவது கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

சாதியைப் பேசாமல் தர்மபுரியில் பழகுவதைப் பற்றிப் பேச முடியாது. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. ஷெரிஃபின் முகாம் நடந்த அதே 1954-இல், கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் எந்த நிலைமைகளில் சேர்ந்து பழகுவது வெறுப்பைக் குறைக்கும் என்று எழுதினார். சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு. வெறுமனே ஒரே கிரவுண்டில் நிற்பது போதாது. ஊரும் காலனியும் ஒரே அணியில் பல வாரம் சேர்ந்து ஆடினால் முதல் மூன்றும் அமையும். நான்காவது தலைமையாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் வெளிப்படையாகச் சொல்லி நடத்திக் காட்ட வேண்டியது. பள்ளி மாணவர்களிடையே சாதி மோதல்களைத் தடுப்பது குறித்து நீதிபதி சந்துரு 2024-இல் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்த்த கை அடுத்து யார் கையைக் கோக்கப் போகிறது என்ற கேள்விக்குக் கபடிக் களத்தில் விடை தேடலாம். ஹெலிசனின் ஐந்தாவது படி மிகக் கடினமானது. கிரவுண்டுக்குள் பிள்ளைகள் மாறுவதற்கு ஆய்வுகளில் கிடைக்கும் சான்றைவிட, அந்த மாற்றம் தெருவரை போவதற்கான சான்று குறைவு. அதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டிய வேலை இது.

யார் செய்வது

உடற்கல்வி ஆசிரியரைப் பல பள்ளிகள் கம்பு வைத்திருக்கும் காவலராக ஆக்கிவைத்திருக்கின்றன. தலைமுடி வெட்டாதவனைப் பிடிப்பது, காலை வழிபாட்டில் வரிசையைச் சரிசெய்வது, விழாவுக்குப் பந்தல் பார்ப்பது எல்லாம் அவர் தலையில். காலையில் பயந்து ஒதுங்கிய பிள்ளை மதியம் அவர் முன்னால் வட்டத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசாது. அந்த வேலைகளை மற்ற ஆசிரியர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஆளே இல்லாத பள்ளிகளும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. விளையாட்டு மைதானமும் ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருட்களும் அதே அட்டவணையில் வருகின்றன. தமிழகத்தில் 2012-இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் வேலையில் சேர்க்கப்பட்டார்கள். தொகை பின்னர் உயர்ந்தாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் போராடும் நிலை மாறவில்லை. பிள்ளைகளிடம் நெடுநாள் உறவு வளர்க்க வேண்டிய ஒரு பாடத்தை, அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாத ஒருவரிடம் கொடுப்பது நியாயமில்லை.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தின் 21-வது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, பி.டி. பீரியட் எந்த நாள், எந்த நேரம், போன மாதம் அதில் எத்தனை நடந்தது, பெண் பிள்ளைகள் எத்தனை பேர் ஆடினார்கள் என்று கேட்கலாம். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, அதற்கடுத்த கூட்டத்தில் திரும்பவும் கேட்கலாம்.